அப்படியே இருக்கட்டுமே அண்ணா

“இந்த போன் அப்படியே இருக்கட்டுமே அண்ணா” என்றுதான் எங்கள் ஆப்பை என்னோடு டெஸ்ட் செய்துவந்த அந்தப் பெண் சொன்னாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எதுக்கு? வெர்ஷன் மிஸ்மேட்ச்தானேம்மா. குரோமை அப்டேட் பண்ணிட்டுப் பாரு” என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் போனை எடுத்துக்கொண்டு போனாள். முக்கால் மணி நேரம் கழித்து வந்து, “வந்துடுச்சுண்ணா” என்றாள். அவ்வளவுதான். மொத்தப் பேச்சும் அரை நிமிடம் இருக்காது. 2024 ஜூன் இரண்டாம் வாரம். இன்னும் அது எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் என் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவோடு முடிகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகள் 15ஆம் தேதி கடலுக்குப் போகும். போன படகுகள் மீனோடு திரும்பும்போது கடலூர் முதுநகர் துறைமுகத்தில் எங்கள் ஆப் ஓடியாக வேண்டும். படகு வாரியாக ஐஸ், டீசல் பற்று, ஏலத்தொகை வரவு, கடைசியில் ஒரு சீட்டு. புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஐந்து பேர் உட்கார்ந்து செய்கிற வேலை. அந்த ஐந்து பேரில் டெஸ்டிங்குக்கு நானும் அவளும். தேதியைத் தள்ளிப்போட வழியில்லை.

அந்த போன் எங்களுடையது அல்ல. ஏல ஏஜென்ட்டின் கணக்குப்பிள்ளை, தடைக்காலத்தில் தனக்கு வேலை குறைவு என்பதால் இரண்டு நாளைக்கு இரவல் கொடுத்திருந்தார். ஆண்ட்ராய்டு 8.1, 16 ஜிபி, திரையின் ஒரு மூலை நட்சத்திரம் மாதிரி உடைந்தது. கொடுக்கும்போது அவர் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். “எங்க ஆளுங்க கையில இருக்கறதெல்லாம் இந்த மாதிரி போன்தான் தம்பி. இதுல ஓடுச்சுன்னா எல்லாத்துலயும் ஓடும்.”

அதில் ஓடவில்லை. ஆப் திறந்தது, படகுப் பட்டியல் வந்தது, ஐஸ் கணக்கு ஏறியது. சீட்டைப் பார்க்கத் தொட்டால் மட்டும் வெள்ளைத் திரை. எங்கள் மேசை இழுப்பறையில் இருந்த ஆறு போன்களிலும் ஆப்பின் அதே பில்ட், அதாவது அதே தயாரிப்பு, ஒழுங்காக ஓடியது. இதில்தான் நான் ஏமாந்தேன் என்று இப்போது நினைக்கிறேன். ஆண்ட்ராய்டு 8 முதல் 14 வரை ஆறு போன் வைத்திருக்கிறோம் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் ஆறும் நாள் முழுக்க அலுவலக வைஃபையிலும் சார்ஜரிலும் கிடப்பவை. பிளே ஸ்டோர் ராத்திரியோடு ராத்திரியாக ஆறிலும் குரோமையும், ஆப்புக்குள் வலைப்பக்கத்தைக் காட்டுகிற வெப்வியூவையும் புதுப்பித்துவிடும். வெளியே ஆறு வயது, உள்ளே எல்லாவற்றுக்கும் ஒரே வயது. அன்றைக்கு அது குரோம் 125.

கணக்குப்பிள்ளையின் போனில் இருந்தது குரோம் 74. அதாவது 2019. ஆண்ட்ராய்டு 7, 8, 9 மூன்றிலும் ஆப்புக்குள் திறக்கிற வெப்வியூ என்பது குரோமேதான். 10இல் இருந்துதான் அது மறுபடி தனியாகப் பிரிந்தது. எங்கள் சீட்டுப் பக்கம் வெப்வியூவில் திறக்கிற வலைப்பக்கம். போனில் கேபிளைச் செருகி, போன் உள்ளே எழுதிவைக்கிற பதிவான லாக்கேட்டைப் பார்த்திருந்தாள் அவள். எதிர்பாராத இடத்தில் புள்ளி வந்திருக்கிறது, தொடரியல் பிழை என்று ஒரே ஒரு வரி. ஜாவாஸ்கிரிப்ட்டில் கேள்விக்குறியை ஒட்டி ஒரு புள்ளி வைத்து எழுதுகிற வழக்கம் குரோமில் 80ஆம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய குரோமுக்கு அந்தப் புள்ளி புரியாது. புரியாத ஒரு எழுத்துக்காக முழுக் கோப்பையும் ஒதுக்கிவிடும். வெள்ளைத் திரை அப்படி வந்ததுதான்.

இவ்வளவையும் அவள், கோளாறைப் பதிகிற டிக்கெட்டில் எழுதியிருந்தாள். நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் “குரோமை அப்டேட் பண்ணு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், எங்கள் வேலையில் வெர்ஷன் ஒத்துப்போகவில்லை என்ற செய்தி வந்தாலே கை தானாகச் செய்கிற காரியம் அது. நிஜ போனில் டெஸ்ட் செய்கிற யாருக்கும் இது தெரியும். கணினியில் இருந்து போனோடு பேசுகிற ஏடிபி இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று இன்னொன்றின் சர்வரைக் கொன்றுகொண்டே இருக்கும்; ஒன்றைத் தூக்க வேண்டும். டெஸ்டைத் தானாக ஓட்டுகிற ஆப்பியம் வைத்து ஓட்டினால், போனில் உள்ள குரோமுக்கு ஏற்ற, அதை இயக்குகிற குரோம்டிரைவர் வேண்டும். போன் ராத்திரி புதுப்பித்துக்கொண்டால் காலையில் டெஸ்ட் எல்லாம் சிவப்பு. ப்ராஜெக்ட்டைப் போனில் ஓட்டிக் காட்டுகிற எக்ஸ்போ கோ வைத்துப் பார்த்தால் அதன் எஸ்டிகே, அதாவது கருவித்தொகுப்பு, பதிப்பும் நம் ப்ராஜெக்ட்டின் பதிப்பும் பொருந்த வேண்டும். ஆண்ட்ராய்டு என்றால் பழைய எக்ஸ்போ கோவைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொள்ளலாம், ஐபோனில் அதுவும் முடியாது, ப்ராஜெக்ட்டை ஏற்ற வேண்டும் அல்லது சொந்தமாக டெவலப்மென்ட் பில்ட் போட வேண்டும். பழைய பில்ட்டின் மேல் வேறு கையொப்பத்தோடு புதியதைப் போட்டால் ஏற்காது. பழையதை நீக்கிவிட்டுப் போட வேண்டும். இவற்றில் எதையும் பக், அதாவது ஆப்பின் பிழை, என்று யாரும் எழுத மாட்டார்கள். இரண்டு பக்கத்தையும் பொருத்திவிட்டு, அப்புறம் டெஸ்டைத் தொடங்குவார்கள். பொருத்துவது வேலைக்கு முந்தைய வேலை, அவ்வளவுதான்.

பத்து வருடம் அதையே செய்துவிட்டு, அன்று வந்ததும் அதே ரகம் என்று எடுத்துக்கொண்டேன். பெயரும் ஒன்றுதானே, மிஸ்மேட்ச். ஆனால் எக்ஸ்போ கோ பொருந்தாதது எங்களுக்கும் எங்கள் கருவிக்கும் நடுவே உள்ள சண்டை. குரோம் 74 பொருந்தாதது எங்களுக்கும் முதுநகருக்கும் நடுவே. இரண்டாவதைப் போனில் சரிசெய்தால் ஒரு போன்தான் சரியாகும். இதை இப்போது எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது! அன்றைக்கு இது தோன்றவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒரு கணம் தோன்றியது என்றுதான் நினைக்கிறேன். கூடவே, ‘யார் போனில் இன்னும் குரோம் 74 இருக்கப்போகிறது’ என்றும் தோன்றியது. ஆண்ட்ராய்டு 5 வந்த 2014இல் இருந்தே வெப்வியூ தானாகப் புதுப்பித்துக்கொள்கிற சாமான். என் போனில் அது எப்போது மாறுகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் நடப்பது எல்லோருக்கும் நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் ஏன் ஆனது என்று பிறகுதான் தெரிந்தது. குரோம் இறங்க அந்த போனில் இடமில்லை. அவள் அதிலிருந்த போட்டோக்களை எங்கள் கணினிக்கு எடுத்து, அவர் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, அப்புறம் போனில் பாதியை நீக்கி, அப்டேட் செய்து, முடிந்ததும் போட்டோக்களை மறுபடி போனில் ஏற்றப் பார்த்திருக்கிறாள். எல்லாம் ஏறவில்லை. மிச்சத்தை ஒரு பென்டிரைவில் போட்டு, போனோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தனுப்பினாள். நான் செய்யச் சொன்னது ஒரு வரி வேலை. அவள் செய்தது இது.

17ஆம் தேதி காலை கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். “தம்பி, என் போன்ல வருது. ஐஸ்காரர் போன்ல வெள்ளையா நிக்குது. இன்னும் ரெண்டு பேருக்கும் அப்படித்தான்.” ஏல நேரம், பின்னால் விலை கூவுகிற சத்தம் கேட்டது. நான் சொன்னேன்: “அண்ணே, பிளே ஸ்டோர்ல போய் குரோம் அப்டேட் பண்ணச் சொல்லுங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “இடம் பத்தலைங்குது தம்பி.” “போட்டோ எதையாவது அழிக்கச் சொல்லுங்கண்ணே.” அரை மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டு, “வந்துடுச்சு” என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. போனிலேயே தீர்த்துவிட்டேன் என்று அலுவலகத்தில் சொல்லவும் செய்தேன்.

மறுநாள் நேரில் போனேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் என்று பஸ் ஊர்ந்து, தென்பெண்ணைப் பாலம் தாண்டி, மஞ்சக்குப்பத்தில் இறங்கி, அங்கிருந்து முதுநகருக்கு இன்னொரு பஸ். ஐஸ்காரர் கோபமெல்லாம் படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சோடு பேச்சாக, அழித்தது எல்லாம் சீட்டு போட்டோ என்றார். எந்தப் படகு எத்தனை ஐஸ் எடுத்தது என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தச் சீட்டைத் தன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். தடைக்காலத்துக்கு முந்தைய பாக்கிகள் அதில் இருந்தன. சீட்டு காட்டுகிற ஆப்புக்காகச் சீட்டை அழித்திருக்கிறார். “நோட்டுலயும் கொஞ்சம் இருக்கு, பாத்துக்கலாம்” என்றார். ஏப்ரல் கணக்கில் ஒரு படகுக்காரரோடு தகராறு இருப்பதாகக் கணக்குப்பிள்ளை சொன்னார். அது எப்படித் தீர்ந்தது என்று நான் அப்புறம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அழிந்த படங்கள் கேலரியின் குப்பைக்கூடையில் இருக்குமா என்று பார்த்தேன். அந்தப் பழைய கேலரியில் குப்பைக்கூடை கிடையாது.

அன்று இரவு லாஸ்பேட்டைக்குத் திரும்பி எங்கள் டெவலப்பரிடம் சொன்னேன். அவர் சீட்டுப் பக்கத்தின் பில்ட் அமைப்பைத் திறந்தார். நாங்கள் பயன்படுத்துவது வீட், எழுதிய நிரலைப் பிரவுசருக்கான கோப்பாக்கித் தருகிற கருவி. நாங்களாக எதையும் குறிப்பிடாமல் விட்டால் அன்றைய வீட் குரோம் 87இல் இருந்து மேலே என்று வைத்துக்கொண்டுதான் கோப்பைத் தந்தது. இலக்கை, ஜாவாஸ்கிரிப்ட்டின் 2015ஆம் வருடப் பதிப்பான இஎஸ் 2015 என்று மாற்றினார். ஒரு வரி. கேள்விக்குறியும் புள்ளியும் பழைய பாணி நிபந்தனையாகப் பிரிந்து விழுந்தன. கணக்குப்பிள்ளையின் போனில் சோதித்துப் பார்க்கலாமா என்றால், அதில்தான் நான் 125ஐ ஏற்றிவிட்டேனே.

இந்த இடத்தில் ரொம்ப நாள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்: அப்டேட் போட்ட பிறகு பழைய நிலையைப் பார்க்க வழியில்லை, அதனால் அடுத்து எதுவும் செய்திருக்க முடியாது என்று. அது பொய். போனோடு வந்த குரோமுக்கு, அமைப்புகளில் ‘அப்டேட்டுகளை நீக்கு’ என்று ஒரு வசதி உண்டு. தொட்டால் ஆலையில் இருந்து வந்த பதிப்புக்கே போய்விடும். இது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். ‘அப்படியே இருக்கட்டுமே.’ அன்று எனக்குக் கேட்டது சோம்பல். இன்னொரு வேலை வேண்டாம் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். 17ஆம் தேதிக்குப் பிறகு, ஆதாரத்தைக் கலைக்காதே என்று ஒரு நல்ல டெஸ்டர் சொன்னதாகக் கேட்டது. பென்டிரைவ் விஷயம் தெரிந்த பிறகு இன்னொரு மாதிரி: அடுத்தவர் போனில் கை வைக்காதே என்று வளர்க்கப்பட்ட ஒரு பெண்ணின் கூச்சம், அவ்வளவுதானோ என்று. மூன்றாவது உண்மையானால் நான் அவளுக்கு இல்லாத கூர்மையைக் கொடுத்து, அதனால் என் தப்பைப் பெரிதாக்கிக்கொள்கிறேன். முதலாவது உண்மையானால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் சோம்பேறி லாக்கேட் எடுத்து டிக்கெட் எழுத மாட்டாள். அடுத்த வருடத் தொடக்கத்தில் அவள் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கடைசி நாள் கேக் வெட்டியபோது பக்கத்தில்தான் நின்றேன். கேட்கவில்லை. கேட்டால், ‘நான் அப்படியா சொன்னேன்?’ என்பாளோ என்று ஒரு பயம்.

அதன் பிறகு ஒரு ஏற்பாடு செய்தேன். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் அலைந்து பழைய ஆண்ட்ராய்டு 8.1 போன் ஒன்று வாங்கி, குரோம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாதபடி கூகுள் கணக்கு போடாமல், பின்னால் ‘தொடாதே’ என்று ஸ்டிக்கர் ஒட்டி இழுப்பறையில் வைத்தேன். முதல் இரண்டு ரிலீஸில் இரண்டு பக் பிடித்தது. மூன்றாவதில் இருந்து தொல்லை. அதில் வருகிற கோளாறு நிஜத்தில் யார் போனிலும் இல்லாததாக இருந்தது. முதுநகரில் இதற்குள் பலர் போன் மாற்றிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு மாலை முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து நின்றபோது, ரிலீஸ் இரவுக்கு இருந்தது, “விடுப்பா, அதுல குரோமை ஏத்திட்டுப் பாரு” என்றேன். சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. ஆனாலும் மாற்றிச் சொல்லவில்லை. அன்றைக்கு அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். அல்லது அப்படி நினைக்க வசதியாக இருக்கிறது.

2025இல் குரோம் 138தான் ஆண்ட்ராய்டு 8க்கும் 9க்கும் கடைசி என்று ஆகிவிட்டது. 139க்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும். இனி கணக்குப்பிள்ளை போனுக்கு 138ஐத் தாண்டி ‘அப்டேட் பண்ணுங்கண்ணே’ என்று சொல்லவே வழியில்லை.

போன வாரம் அவள் எழுதிய டிக்கெட்டைத் தேடித் திறந்தேன். அவளுடைய லாக்கேட் வரி, படம், போனின் விவரம், ‘ஏஜென்ட் ஆபீஸ் போன்’ என்று ஒரு குறிப்பு. கீழே என் பதில்: ‘சாதனச் சிக்கல். வெர்ஷன் பொருந்தவில்லை. சரிசெய்யப்பட்டது.’ மறுபடி திறந்து காரணத்தை மாற்றலாம் என்று தோன்றியது. அந்தப் பெட்டியில் நான்கு தேர்வுகள்தான் இருந்தன: சரிசெய்யப்பட்டது, பக் அல்ல, மறுபடி வரவில்லை, ஏற்கெனவே உள்ளது. ஒவ்வொன்றாகத் தேர்ந்து பார்த்தேன். மாற்றிச் சேமித்தால் எழுதியவருக்கு ஒரு மெயில் போகும். அவளுடைய அலுவலக மெயில் மூடி வெகுநாள் ஆகிறது. முதலில் இருந்ததையே வைத்து வெளியே வந்தேன்.