சுவரில் இரண்டு பெயர்கள்

இன்று ஜூலை 31, மலேசியாவில் வீரர்கள் தினம். சுங்கை சிப்புட்டிலிருந்து வெள்ளனவே பஸ் ஏறி, ராணுவ முகாமிலுள்ள நினைவுச் சுவருக்குப் போய் வந்தேன். என் தோட்டத்து லயத்துக் கூட்டாளிகள் இருவரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. எழுத்துக் குழிகளில் படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தேன்.

ஒருவன் பால்மரம் வெட்டிய கையோடு பட்டாளத்துக்கு வந்தவன். காட்டில் எனக்கு முன்னால் நடந்தான், கண்ணிவெடியில் போய்விட்டான். இன்னொருவன் மூட்டையில் எப்போதும் அவன் அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாய் இருக்கும். அரைவேக்காட்டுச் சோற்றுக்கும் எங்களுக்கு அது போதும்.

1989 டிசம்பர் 2-ல் தாய்லாந்தின் ஹாட்யாயில், நாங்கள் காட்டில் எதிர்த்து நின்ற மலாயா கம்யூனிஸ்ட் கட்சியோடு அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானபோது இருவருமே இல்லை. அன்று ரொம்ப அழுதேன்.

அப்புறம் ஊறுகாய்க்காரனின் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். முதலில் கேட்டது இதைத்தான்: “அண்ணன் பேரு அழியாம இருக்காண்ணே?”

இருக்கும்மா. தெளிவாக இருக்கிறது.