கீழே காய்ப்பதைக் கிளை திருப்பித்தான் பார்க்க வேண்டும்

மூலிகை அறிந்த ஒரு மூதாட்டியின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, தன்னார்வலர்கள் சேர்ந்து எழுத்தாக்கி, எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த தரவாக வெளியிடும் பணியில் இறங்கியபோது, ஒலிப்பதிவுதான் கடினமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது நான்கே நாளில் முடிந்தது. பெயர்களைச் சரிபார்ப்பதில்தான் மாதங்கள் கழிந்தன.

கீழாநெல்லி என்று அவர் காட்டிய செடியின் படங்களை, உயிரினங்களைப் பலர் சேர்ந்து அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினேன். ஒருவர் அதன் அறிவியல் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்றார். மற்றொருவர் ஃபில்லாந்தஸ் யூரினேரியா என்றார். அடையாளம் சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டோர் உடன்பட்டால்தான் அங்கே ஒரு பதிவு ஆய்வுத் தரத்தை எட்டும். என் படங்களோ மேலிருந்து எடுத்தவை. மீண்டும் சென்று கிளையைத் திருப்பிப் பார்த்தபோது, இலைகளுக்கு அடியில் வரிசையாகத் தொங்கிய காய்கள் வழவழப்பாகவும் சிறு காம்புடனும் இருந்தன. யூரினேரியாவின் காய் சொரசொரப்பானது, காம்பு இருப்பதே தெரியாது. “கீழே காய்க்கிறதனாலதானே அந்தப் பேரு? காயைப் பாக்காம எதைப் பாத்தீங்க?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியையும் தரவுக் குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய பிழை இசைவு பெறுவதில் நேர்ந்தது. அவர் “சரி” என்று சொன்னதை மட்டும் நம்பி, ஓர் ஒலிப்பதிவை, திறந்த உரிமத்தில் கோப்புகளைச் சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிவிட்டேன். அந்த உரிமத்தின்படி எவரும் அதை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்று பிறகு விளக்கியபோதுதான், அதிலுள்ள ஒரு மருந்துமுறையை வெளியே தர விரும்பவில்லை என்றார். புதிதாக ஏற்றிய கோப்பு என்பதால், நான் கேட்டதும் நீக்கினார்கள். அதற்குள் யாரேனும் பதிவிறக்கியிருந்தால் எனக்குத் தெரிய வழியில்லை.

எழுதி வெளியிடுவதற்கும் வலுவான காரணம் உண்டு. மஞ்சளின் புண் ஆற்றும் பண்புக்கு 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, அது புதிய கண்டுபிடிப்பல்ல என்று பழைய ஆவணங்களைக் காட்டி வாதிட்ட பின் 1997ஆம் ஆண்டு ரத்தானது. வாய்மொழியாக மட்டும் இருக்கும் அறிவை அப்படி எடுத்துக்காட்டுவது மிகக் கடினம். இரண்டு பக்கத்தையும் அவரிடம் சொன்னேன். எதைத் திறப்பது, எதை மூடிவைப்பது என்பதை அவரே ஒவ்வொன்றாக முடிவு செய்தார்.

இப்போது எழுத்தாக்கம் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே வெளியிடுகிறோம். “ஒரு பிடி” என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, இலையைத் தன் கையால் மூன்று முறை அள்ளி நிறுக்கச் செய்தார். மூன்று எடைகளும் வேறு வேறாக இருந்தன; சராசரி எடுக்காமல் மூன்றையும் அப்படியே பதிந்தோம்.