அம்மாவின் ஹஜ்ஜும் ஒரு தகரப் பெட்டியும்

ஹஜ் முடித்து வந்தவர்களிடம் எல்லோரும் கஅபாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். முதலில் பார்த்ததும் அழுதீர்களா, கூட்டம் எப்படி, வெயில் எப்படி என்று. எனக்கு முதலில் ஞாபகம் வருவது தாராபுரம் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தின் சத்துணவு அறையில் பரண் மேல் கிடந்த தகரப் பெட்டிதான். அது கிடைக்காமல் போயிருந்தால் அம்மா மக்காவைப் பார்த்திருக்கவே மாட்டார்.

நாங்கள் ஈரோடு. அத்தா, அதாவது அப்பா, கனி மார்க்கெட்டில் கைலி வியாபாரம் பார்த்தவர். அவர் மவுத்தாகி, இறந்துபோய், எட்டு வருடம் ஆகிறது. இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் கலிமா, தொழுகை, நோன்பு, ஜக்காத் இந்த நான்கையும் அம்மா வீட்டில் இருந்தே நிறைவேற்றிவிட்டார். ஏழைகளுக்குக் கொடுக்கும் ஜக்காத்துக்கு நகையை எடை போட்டு, நூற்றுக்கு இரண்டரை கணக்குப் பார்த்து, ஒவ்வொரு ரமலானிலும் என் கையில் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஐந்தாவது கடமை ஹஜ் மட்டும் நின்றுபோயிருந்தது. போய்வர உடம்பிலும் கையிலும் வசதி உள்ளவர்கள் மீதுதான் அது கடமை என்று குர்ஆனே சொல்கிறது. அத்தா காலத்தில் அந்த வசதி இல்லை. 2023 கடைசியில்தான் பணம் சேர்ந்தது, கடனும் அடைந்தது. சரி, விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தால் அம்மாவுக்கு பாஸ்போர்ட்டே இல்லை.

பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போன முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் ஆதாரில் பிறந்த தேதி இல்லை, 1957 என்று வருடம் மட்டும்தான் இருக்கிறது. இத்தனை நாள் நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. கவுன்ட்டரில் இருந்தவர் கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "முழுத் தேதியோட வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். வேறு எந்தக் காகிதம் செல்லும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அம்மாவை பஸ்ஸில் கூட்டிப்போய் மூன்று மணி நேரம் உட்கார வைத்ததற்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்க அந்த வருடக் கெடு ஜனவரியில் முடிந்தது. அன்று இரவு இஷா தொழுதுவிட்டு முசல்லாவிலேயே, தொழும் விரிப்பிலேயே, அம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறந்த நாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். "பராஅத்து ராவுக்கு மூணாம் நாள் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லுவாங்க." பராஅத்து என்றால் ஷஃபான் மாதம் 15ஆம் இரவு. நம் மார்க்கக் கணக்கு பிறையை வைத்து ஓடுவது. நபியவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போன 622ஆம் ஆண்டிலிருந்து ஹிஜ்ரி வருடம் தொடங்குகிறது. அதை முறையாகக் கணக்கு வைத்தது பிறகு, கலீஃபா உமர் காலத்தில். வருடத்துக்கு 354 நாள்தான். அதனால் இங்கிலீஷ் தேதியிலிருந்து வருடத்துக்கு 11 நாள் நகர்ந்துகொண்டே இருக்கும். இங்கிலீஷ் கணக்கில் 67 வயதானவருக்குப் பிறைக்கணக்கில் 69 ஆகியிருக்கும். இதையெல்லாம் கவுன்ட்டரில் சொல்ல முடியுமா?

பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் செல்லும் என்று ஒரு இ-சேவை மையத்துப் பையன்தான் சொன்னான். ஆதாரைத் திருத்திக்கொண்டு நிற்கவேண்டாம், பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதி ஆதாரமாக அதையே ஏற்றுக்கொள்வார்கள் என்றான். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அஞ்சாம் வகுப்பு வரை படித்திருந்தால்கூடப் போதும், முதலில் இதைப் பாருங்கள்.

அம்மா படித்தது தாராபுரம் பக்கம், நாலாம் வகுப்பு வரை. முதல் தடவை போனபோது தலைமையாசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தார். இரண்டாம் தடவை பழைய பதிவேடெல்லாம் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள். அங்கே போனால் பள்ளியில்தான் இருக்கும் என்றார்கள். ஈரோட்டுக்கும் தாராபுரத்துக்குமாக நான்கு தடவை அலைந்தேன். நாலாவது தடவை அம்மாவையும் கூட்டிப்போனேன். அதுதான் நல்லதாகப் போயிற்று. சமையல் செய்துகொண்டிருந்த சத்துணவு அம்மா எங்கள் அம்மாவைப் பார்த்ததும், "ஏனுங்கம்மா, எந்த வருசம் படிச்சீங்க? சித்தெ இருங்க, மேல பொட்டி ஒண்ணு கெடக்குது" என்று ஸ்டூல் போட்டு ஏறிவிட்டார்.

பெட்டிக்குள் கரையான் தின்றது பாதி. மிச்சம் இருந்ததில் 1963ஆம் வருடச் சேர்க்கைப் பதிவேடு இருந்தது. பழுப்பேறிய தாளில் நீல மசியில் அம்மாவின் பெயர், பிறந்த தேதி 1-6-1957. அந்தப் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் பாதிப்பேருக்கு ஜூன் ஒன்றுதான் பிறந்த நாள். வாத்தியார் வயதைக் குத்துமதிப்பாகப் போட்டு எழுதியிருக்கிறார். அம்மா தேதியைப் பார்க்கவில்லை. அதே வரிசையின் கடைசிக் கட்டத்தில் அவர் அத்தா தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். அம்மாவுக்கு ஒன்பது வயதில் இறந்துபோனவர், ஒரு போட்டோகூடக் கிடையாது. "எங்கத்தாவுக்கு எழுதத் தெரியுமா?" என்று அம்மா என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். தலைமையாசிரியர் அன்று மாலையே சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அவருக்கும் அந்தச் சமையல்கார அம்மாவுக்கும் நாங்கள் துஆ செய்யாத நாள் இல்லை.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது ஆட்சேபம் இனிஷியலில் வந்தது. ஆதாரில் அத்தாவின், அதாவது கணவரின் எழுத்து. பள்ளிச் சான்றிதழில் அம்மாவின் அத்தா எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலாகப் போடமுடியாது, விரித்து எழுதவேண்டும். யார் பெயரை எழுதுவது? எங்கள் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் யோசனை கேட்டேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு தம்பி? கல்யாணமானாலும் பொம்பளப் பிள்ளை அத்தா பேரோடதான் இருக்கும். நபியோட மனைவிமாரையே கதீஜா பின்த் குவைலித், ஆயிஷா பின்த் அபூபக்கர்னுதானே சொல்றோம்" என்றார். பின்த் என்றால் இன்னாரின் மகள்.

ஆதாரில் பெயரைத் திருத்தி, அம்மாவின் பெயருக்குப் பின்னால் அவர் அத்தா பெயரைச் சேர்த்தோம். ஒரு எச்சரிக்கை: ஆதாரில் பெயரை ஆயுளுக்கும் இரண்டு தடவைதான் மாற்றமுடியும். எழுத்துக்கூட்டலை முடிவு செய்துவிட்டுப் போங்கள். எங்கள் நன்னாவின், அதாவது அம்மாவின் அத்தாவின், பெயரில் பாதி முகைதீன். பக்தாதில் 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியின் பட்டப்பெயர் அது. நம் பக்கம் வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கும். முகைதீன், முகையதீன், மொய்தீன், மைதீன் என்று தமிழிலேயே நாலு விதம், இங்கிலீஷில் அதற்கு மேல். ஆதார், பாஸ்போர்ட், பேங்க் பாஸ்புக் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். நான் ஒரு தாளில் எழுதி அம்மாவின் பர்ஸில் வைத்து, எல்லா கவுன்ட்டரிலும் அதையே நீட்டினேன். போலீஸ் விசாரணை, தபால் எல்லாம் பத்து நாளில் முடிந்தது.

2024 ஆகஸ்டில் இந்திய ஹஜ் கமிட்டியின் விண்ணப்பம் திறந்தது. முன்பு 70 வயதானால்தான் குலுக்கல் இல்லாமல் இடம். அந்த வருடம் 65 ஆக்கினார்கள், துணைக்கு ஒருவர் கட்டாயம் என்றார்கள். அம்மாவோடு நான். முன்பணம் தலைக்கு 1,30,300 ரூபாய். மருத்துவச் சான்றிதழுக்கு மட்டும் இரண்டு தடவை போகவேண்டியதாயிற்று, டாக்டரின் முத்திரையில் பதிவு எண் விழவில்லை. அங்கேயே நின்று முத்திரையைப் படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். எங்கள் தெருவிலேயே ஒருவர் அந்தச் சமயத்தில் விசிட் விசாவில் ஹஜ் முடித்துத் தருவதாகப் பணம் வசூலித்துக்கொண்டிருந்தார். 2024 ஹஜ்ஜில் வெயில் மக்காவில் 51.8 டிகிரி வரை போனது. 1,301 பேர் இறந்தார்கள், அதில் நூற்றுக்கு 83 பேர் அனுமதி இல்லாமல் போனவர்கள் என்று சவூதி அரசே சொன்னது. அனுமதி இல்லாதவருக்குக் கூடாரம் கிடையாது, பஸ் கிடையாது, குளிர்ந்த இடம் கிடையாது. வயதானவர்களை அந்த வழியில் அனுப்பிவிடாதீர்கள்.

புறப்படும் முன் மனிதர்களிடம் உள்ள கணக்கைத் தீர்க்கவேண்டும். அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அவன் மன்னிப்பான், மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்கவேண்டும். அம்மா பக்கத்து வீட்டுக் கவுண்டரம்மாவிடம் போய், இருபது வருடத்துக்கு முன் தண்ணிக் குழாயில் பேசிய ஒரு வார்த்தைக்கு மாப்பு கேட்டார். "அதயெல்லாம் இன்னுமா வெச்சிருக்கறீங்க அம்மிணி? போயி எங்களுக்கும் சேத்து வேண்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவரும் அழுதுவிட்டார்.

ஹஜ் வகுப்பைத் தவறவிடாதீர்கள். எங்கள் பள்ளிவாசலில் ஒரு பிரிட்ஜ் அட்டைப்பெட்டிக்குக் கறுப்புத் துணி போர்த்தி, கஅபா மாதிரி நடுவில் வைத்து, ஏழு சுற்று இடப்பக்கமாகச் சுற்றவைத்தார்கள். இப்ராஹீம் நபியும் இஸ்மாயில் நபியும் எழுப்பிய வீடு, பிறகு சிலைகள் நிறைந்தது, 630இல் மக்கா கைவந்தபோது அவை அகற்றப்பட்டது, 632இல் நபியவர்கள் செய்த ஒரே ஹஜ்ஜைப் பார்த்துத்தான் இன்றுவரை எல்லோரும் செய்கிறோம் என்று ஹஜ்ரத் சொல்லிக்கொண்டு வந்தார். சஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கு இடையே, இஸ்மாயில் நபியின் தாய் ஹாஜரா ஓடியதுபோல ஏழு ஓட்டம் என்றதும் அம்மா ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளைக்குத் தண்ணி தேடி ஓடுனது ஹாஜரா அம்மா. ஆம்பளைங்க ஓடுறாங்க, நம்மள மட்டும் நடக்கச் சொல்றீங்களே?" ஹஜ்ரத் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கும் சேத்து அந்த அம்மா ஓடிட்டாங்கம்மா" என்றார். அம்மா அதைத் திரும்பி வந்த பிறகும் எல்லோரிடமும் சொல்கிறார்.

ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து ஜித்தா. நேராக ஜித்தா போகிறவர்களுக்கு விமானத்துக்குள்ளேயே, இஹ்ராம் எல்லையான யலம்லமைக் கடக்கிறோம் என்று அறிவிப்பார்கள். அதற்குள் இஹ்ராமில், அதாவது ஹஜ்ஜுக்கான உடையிலும் எண்ணத்திலும் இருந்தாகவேண்டும். சேலத்துக்காரர் ஒருவர் இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து லக்கேஜில் போட்டுவிட்டார். ஆண்களுக்குத் தையல் இல்லாத இரண்டு துணி, அது இல்லாமல் என்ன செய்வது? என்னிடம் மாற்று ஜோடி கைப்பையில் இருந்தது, கொடுத்தேன். நீங்களும் கைப்பையில் வையுங்கள், இரண்டு ஜோடியாக.

2025 ஜூன் 5, அரஃபா நாள், ஹஜ்ஜின் முக்கியமான நாள். காலை 10 முதல் மாலை 4 வரை கூடாரத்தை விட்டு வரவேண்டாம் என்றார்கள். 4 மணிக்குப் பிறகு அம்மாவை வெளியே கூட்டிவந்தேன். சூரியன் மறையும் வரை கையேந்தி நின்றார். என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

மக்கா பக்கத்துக் கூடார நகரமான மினாவில்தான் உயிர் போய் உயிர் வந்தது. 11ஆம் பிறை அன்று மதியம் கழிவறைக்குப் போன அம்மா திரும்பவில்லை. 1997 தீ விபத்துக்குப் பிறகு அங்கே எல்லாம் தீப்பிடிக்காத வெள்ளைக் கூடாரங்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே மாதிரி. அம்மாவுக்கு போன் பேசத் தெரியும், எந்தத் தெரு என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்றேகால் மணி நேரம் தேடினேன். கடைசியில் இந்தியத் தொண்டர் ஒருவர் ஒலிபெருக்கியில் ஒரு பெயரை வாசித்தார். முதலில் அது அம்மா என்றே எனக்குப் பிடிபடவில்லை. அம்மாவின் பெயரோடு நன்னாவின் பெயரும் சேர்ந்து வந்தது. சவூதி அரசு ஹாஜிகளுக்குத் தரும் நுசுக் அடையாள அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதானே இருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "எங்கத்தா பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க கண்ணு, கேட்டியா?" என்றார்.

கூடாரம் பக்கத்தில் கம்பத்தில் எண் இருக்கும். போன உடனே அதைப் போட்டோ எடுத்து, பெரியவர்களின் கழுத்து அட்டையிலும் எழுதிவிடுங்கள். கல்லெறிய ஜமராத்துக்குப் போக முடியாதவர்களுக்காக மற்றவர் எறியலாம். அம்மாவுக்காக மீதி இரண்டு நாளும் நான்தான் எறிந்தேன்.

நேற்று பின்தெருச் சாச்சி வந்திருந்தார், அடுத்த ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்திருக்கிறாராம். ஆதாரைக் கொடுங்கள் என்று வாங்கிப் பார்த்தேன். 1959 என்று மட்டும் இருக்கிறது. படித்தது காங்கயம் பக்கம் என்றார். திங்கட்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.