கல்லணையிலிருந்து திருவையாறு வரை, தண்ணீரின் வழியே

கல்லணைக்கும் திருவையாற்றுக்கும் இடையிலுள்ள சாலையை நிற்காமல் ஓட்டினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். போன சனிக்கிழமை எனக்கும் என் மனைவிக்கும் அதற்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆறு போகும் வழியே நாமும் போவோம், நிற்கத் தோன்றும் இடத்தில் நிற்போம் என்று பேசிக்கொண்டு விடியற்காலையில் திருச்சியை விட்டுப் புறப்பட்டிருந்தோம்.

கல்லணையில் வெயில் ஏறுவதற்கு முன்பே மதகுகளின் மேல் நடந்தோம். ஆற்று மணலில் பாறைகளைப் போட்டு, அவை அமிழ அமிழ மேலும் பாறைகளை அடுக்கி, இடையே களிமண்ணைப் பூசி எழுப்பிய கரிகாலன் காலத்து அணையின் மேல்தான் பிற்காலத்து மதகுகள் நிற்கின்றன. இங்கே தண்ணீர் காவிரி, வெண்ணாறு, ஊர்க்காரர்கள் புதாறு என்று அழைக்கும் கல்லணைக் கால்வாய், மிகுநீரைச் சுமக்கும் கொள்ளிடம் என்று பிரிகிறது. மேட்டூர் அணை கட்டி முடிந்த அதே 1934ஆம் ஆண்டில் வந்த புது ஆறு என்பதால் ஏற்பட்ட புதாறு என்ற பெயர் தொண்ணூறு ஆண்டுகளாக அப்படியே நிலைத்திருக்கிறது.

என் மனைவி திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவள். நான் பச்சை என்று மட்டும் பார்க்கும் வயலை அவள் நாற்றங்கால், நடவு, தூர் கட்டும் பயிர், கதிர் வாங்கிய பயிர் என்று பிரித்துச் சொல்வாள். புரட்டாசி மாதத்தில் இந்தப் பகுதியில் வண்டி ஓட்டுவதன் அழகே அதில்தான் இருக்கிறது. ஜூன் மாதம் மேட்டூர் திறந்ததும் நட்ட குறுவை சாலையின் ஒரு பக்கத்தில் அறுவடையாகிக்கொண்டிருக்க, மறுபக்கத்தில் சேறடித்துப் பரம்படித்த வயலில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்போரம் முடிகள், அதாவது நாற்றுக் கட்டுகள், வரிசையாகக் கிடந்தன. ஒரு முடியை அவிழ்த்து இடக்கையில் பிடித்துக்கொண்ட பெண்ணின் வலக்கை, இரண்டு மூன்று நாற்றுகளைப் பிரித்துச் சேற்றில் ஊன்றிவிட்டு அடுத்த இடத்துக்குப் போன வேகத்தைக் கண்ணால் தொடர முடியவில்லை. நடவுப் பெண்கள் பின்னால் நகர நகர, மடையான் கொக்குகள் சற்றுத் தள்ளி நின்று கலங்கிய நீரில் இரை தேடின.

திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டியதும் சாலையின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினோம். ஒரு மூதாட்டி நெல்லுக்குள் காலை இழுத்து நடந்து, கோடு கோடாகக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி ஒரு நெல்லை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்த்தாள்.

“இன்னும் ஒரு வெயில் வேணும் போலிருக்கே அம்மா.”

“ஆமா தாயி, மழை வராம இருக்கணும்.”

அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 விழுக்காடு. அந்த வரம்புக்குள் வந்தால்தான் நான்கு மாத உழைப்பு மூட்டையாகும். வடகிழக்குப் பருவமழை நெருங்கும் நாள்களில் இங்கே ஒவ்வொருவரும் வானத்தைப் பார்த்தபடியே பேசுவதன் காரணம் எனக்கு அந்தச் சாலையில் நின்றபோதுதான் முழுவதுமாக விளங்கியது. அதற்குப் பிறகு நெல் கிடந்த இடங்களில் எல்லாம் ஆள் நடக்கும் வேகத்தில்தான் ஓட்டினேன்.

குடமுருட்டி ஆறு பிரிந்த பிறகு காவிரி ஒடுங்கிவிடுகிறது. மூங்கிலும் வாழைத்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் மாறி மாறி வர, நடுக்காவேரி வழியாகப் பன்னிரண்டு மணிக்குத் திருவையாறு வந்தோம். கடைத்தெருவில் வாழை இலைத் துண்டில் வாங்கிய சூடான அசோகா அல்வாவோடு புஷ்ய மண்டபப் படித்துறையில் அமர்ந்து, கால்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டோம். பாசிப்பருப்பும் நெய்யும் மணந்த விரல்களை ஆற்றில் கழுவியபடி, காலையில் கல்லணையில் நாம் பார்த்த தண்ணீர்தானா இது என்று கேட்டேன்.

“இல்லங்க. அது இன்னும் வழியிலதான் வந்துக்கிட்டிருக்கும். இந்தப் படிக்கு வர ராத்திரி ஆயிடும்” என்றாள்.

அதன் பிறகு வெகுநேரம் நாங்கள் எழுந்திருக்கவில்லை.