உருகிய பிளாஸ்டிக்கும் கண்ணாடியும்: எட்டு வாரக் குறிப்பு

பார்சல் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரோப்பிலீன். உருகிய பிளாஸ்டிக் கண்ணாடியோடு ஒட்டுமா என்று பார்க்க, அதிலிருந்து அரை செண்டிமீட்டர் வில்லைகள் வெட்டி, மைக்ராஸ்கோப் ஸ்லைடின் மேல் வைத்து, பால்கனியில் இருக்கும் பழைய கேக் ஓவனில் 200 டிகிரியில் உருக்கினேன். ஓவன் திருகு காட்டும் சூடு நம்பும்படி இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு தெர்மோகப்புள் (சூடு அளக்கும் கம்பி) வாங்கி ஸ்லைடின் மேலேயே பதித்த பிறகுதான் அளவு சரியாக வந்தது.

ஆறியதும் நகத்தால் தட்டினேன். டிக் என்று துள்ளி விழுந்தது. கண்ணாடியில் ஒரு தடமும் இல்லை. சொட்டின் அடிப்பக்கம் கண்ணாடி போலவே வழவழவென்று இருந்தது.

சரி, நனைக்கவே இல்லை, அதாவது கண்ணாடி மேல் படிந்து பரவவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, அடுத்த முறை ஓவன் கதவு வழியாகப் பக்கவாட்டில் படம் எடுத்தேன். பத்தாவது நிமிடத்தில் குண்டு மணி மாதிரி நின்றது. நாற்பதாவது நிமிடத்தில் தோசை ஓரம் போலச் சரிந்து, சேர்கோணம் (சொட்டின் ஓரம் கண்ணாடியோடு சேரும் கோணம்) சுமார் 35 டிகிரிக்கு இறங்கியிருந்தது. அதாவது நனைக்கிறது, மெதுவாக. உருகிய பிளாஸ்டிக்கின் பாகுநிலை தண்ணீரைவிட லட்சம் மடங்குக்கும் மேல். பரவ மனம் இருந்தாலும் கால் நகர நேரமாகிறது.

நன்றாகப் பரவிய சொட்டும் துள்ளித்தான் விழுந்தது. நனைவது வேறு, ஒட்டுவது வேறு என்று கையால் உணர்ந்தது அன்றைக்குத்தான். பாலிபுரோப்பிலீன் முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும். கண்ணாடியின் மேற்பரப்பிலோ சிலிக்கனில் தொங்கும் ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதிகள். இரண்டும் கைகோக்க ஒரு பிடி இல்லை. போதாததற்கு, ஆறும்போது பிளாஸ்டிக் கண்ணாடியைப் போலப் பத்து மடங்குக்கு மேல் சுருங்குகிறது. அந்த இழுப்பிலேயே ஓரம் கிளம்பிவிடுகிறது.

அடுத்தது நைலான். மீன் தூண்டிலுக்குப் போடும் தங்கூஸ் நரம்பைச் சுருட்டி 240 டிகிரியில் வைத்தேன். முதல் சொட்டு அப்பளம் மாதிரி கொப்பளித்தது. ஐப்பசி மழைக் காற்றில் நைலான் குடித்த ஈரம் எல்லாம் ஆவியாகி வெளியே வந்திருக்கிறது. 80 டிகிரியில் ஆறு மணி நேரம் உலர்த்திய பிறகு தெளிவான, தேன் நிறச் சொட்டு கிடைத்தது. ஆறியதும் பிளேடால் நெம்பினேன். சொட்டு வந்தது, கூடவே கண்ணாடியில் ஒரு சில்லும் பெயர்ந்து வந்தது. லென்ஸில் பார்த்தால் கிளிஞ்சல் போல வளையம் வளையமான உடைப்பு. நைலானின் அமைடு தொகுதிகள் கண்ணாடியின் ஹைட்ராக்சிலை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தன. (கண்ணுக்குக் கவசம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.)

அந்த வாரம் காசிமேடு பக்கம் பைபர் படகு செய்யும் இடத்தில் மேட், அதாவது கண்ணாடி இழைப் பாய்த் துண்டுகள் கேட்கப் போனேன். அங்கே உருக்காமலே ஊற்றும் திரவப் பாலியஸ்டர் ரெசின், அதனால் கதையே வேறு. ரோலர் உருட்ட உருட்ட வெள்ளை மேட் சில நொடிகளில் நிறமிழந்து தெளிவாவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். இழைகளுக்கு நடுவிலிருந்த காற்று போய் ரெசின் நிறைந்ததற்கு அதுதான் அடையாளம். வேலை பார்த்த அண்ணன் ஒரு பை நிறையத் துண்டுகள் கொடுத்துவிட்டு, "மேட்ல ஈரம் இருந்தா வேலைக்கு ஆகாது தம்பி. மழை நாள்ல நாங்க கையே வைக்கிறதில்ல" என்றார்.

ஈரம் என்ற சொல் மனதில் தங்கிவிட்டது. சில்லு பெயர்த்ததைப் போலவே உருக்கிய இன்னொரு நைலான் சொட்டை ஸ்லைடோடு இரண்டு மணி நேரம் தண்ணீரில் கொதிக்க வைத்தேன். வெளியே எடுத்து விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறது! தண்ணீர் நைலானுக்குள்ளேயே ஊறி எல்லைவரை போய், கண்ணாடியின் ஹைட்ராக்சிலைத் தானே பிடித்துக்கொண்டு நைலானை வெளியேற்றிவிட்டது. காய்ந்த நிலையில் பார்க்கும் பலத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று நோட்டில் பெரிதாக எழுதி வைத்தேன்.

இந்த இடத்துக்குத்தான் சிலேன் என்ற இணைப்பு ரசாயனம். கண்ணாடி இழை செய்யும்போதே மேலே பூசிவிடுகிறார்கள். ஒரு முனை கண்ணாடியோடு சிலிக்கன்-ஆக்சிஜன்-சிலிக்கன் பிணைப்பாகிறது, மறுமுனை பிளாஸ்டிக்கோடு சேர்கிறது. நான் வாங்கியது அமினோ சிலேன். ஸ்லைடைக் கழுவி, தண்ணீர் திட்டுத் திட்டாகப் பிரியாமல் ஒரே படலமாக நிற்கும்வரை தேய்த்தேன். ஒரு சதவீதக் கரைசலில் ஐந்து நிமிடம், பிறகு 110 டிகிரியில் அரை மணி நேரம். அதன்மேல் நைலான். கொதிநீரில் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் அசையவில்லை.

பாலிபுரோப்பிலீன் மட்டும் சிலேன் போட்டும் துள்ளியது. அதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு பிடி வேண்டும். அம்பத்தூரில் பிளாஸ்டிக் காம்பவுண்டிங் வேலையில் இருக்கும் நண்பர், மாலியிக் அன்ஹைட்ரைடு (சிலேனின் அமினோ முனையைப் பிடிக்கும் தொகுதி) ஒட்டிய பாலிபுரோப்பிலீன் குருணை ஒரு கைப்பிடி கொடுத்தார். நூற்றுக்கு மூன்று பங்கு சேர்த்து, சூட்டோடு பரோட்டா மாவு போல மடித்து மடித்து அழுத்திக் கலந்தேன். இந்தச் சொட்டை நகத்தால் எடுக்க முடியவில்லை.

மேட்டில் மட்டும் இன்னும் பாதி வெற்றிதான். மேட்டையும் உருகிய பாலிபுரோப்பிலீனையும் இரண்டு இரும்புத் தகடுக்கு நடுவில் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கியும், ஒவ்வொரு நூலின் நடுவிலும் வெள்ளைக் கோடு நிற்கிறது. சூடாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும், ஆறினால் பாலிபுரோப்பிலீனே பால் நிறமாகி எல்லாவற்றையும் மறைத்துவிடும். சில மைக்ரான் இடைவெளிக்குள் அந்தக் கெட்டிப் பாகு நுழைய வழி நீளம். தொழிற்சாலைகளில் பிளாஸ்டிக் இழையையும் கண்ணாடி இழையையும் முதலிலேயே ஒரே நூலாகக் கலந்துவிடுவதும் உண்டு, பாகு போக வேண்டிய தூரம் குறையும். அடுத்து மெல்லிய நைலான் நூலைக் கண்ணாடி இழைகளோடு முறுக்கிப் பார்க்கப் போகிறேன்.

சிலேன் பூசிய நைலான் ஸ்லைடு ஒன்று பால்கனி வாளித் தண்ணீரில் கிடக்கிறது. இன்று பதினொன்றாம் நாள். ஓரத்தில் இன்னும் நகம் நுழையவில்லை.