ஒரு பக்கத்துக்கு மட்டும்

ஒரே மூலத்திலிருந்து ஓர் இணையதளத்தின் பல பக்கங்களில் வந்து நிற்கும் பொதுப் பத்தியை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கழற்றிவிட ஒரு பொத்தான் உண்டு. தளத்தின் பக்கங்களை எழுதித் திருத்த நாங்கள் வைத்திருந்த சிஎம்எஸ் என்கிற மென்பொருளில் அதன் பெயர் டிடாச். அழுத்தினால் அந்தப் பக்கத்தில் இருக்கிற பத்தி தனி நகலாகிவிடும். பிறகு மூலத்தில் என்ன மாற்றினாலும் அங்கே போய்ச் சேராது. அதை எடிட்டர்கள் கண்ணில் படாதபடி மறைத்து வைத்தவன் நான்தான். அட்மின் உரிமை இருந்தால் மட்டும் தெரியும். மறைத்ததில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. ஆனால் 2020 பிப்ரவரியில் ஒருவர் வந்து ஒரே ஒரு பக்கத்துக்கு அதை அழுத்தித் தரச் சொல்லிக் கேட்டார். முடியாது என்றேன். இரண்டு நிமிடம்கூட நீடிக்காத பேச்சு. அதைத்தான் இன்னும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்டவர் எங்கள் தமிழ் எடிட்டர். ஓசூரிலிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து போகிறவர். டீமில் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் அக்கா. கிளையண்ட் ஒரு வங்கி. அதன் தளம் ஆங்கிலம், இந்தி, கன்னடம், தமிழ் என்று நான்கு மொழியில்.

நான் ஏன் அவ்வளவு கறாராக இருந்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. வங்கிக்கு வங்கி பணம் அனுப்புகிற நெஃப்ட் வசதி 2019 டிசம்பர் 16 முதல் 24 மணி நேரமும் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்னால் வேலை நாட்களில் காலை 8 முதல் மாலை 7 வரைதான். ஞாயிறும், இரண்டாம் நான்காம் சனியும் கிடையாது. இந்த நேரக் கணக்கு தளத்தில் எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சேமிப்புக் கணக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டண அட்டவணையின் அடிக்குறிப்பில் இருந்தது. ஆப் பற்றிய கேள்வி பதிலில் இருந்தது. ஓரிடத்தில் ‘8 மணி’, இன்னோரிடத்தில் ‘8.00’, வேறோரிடத்தில் ‘காலை எட்டு’. தேடலில் எப்படிச் சிக்கும்? பொங்கல் கழிந்த பிறகும் ஒரு தமிழ்ப் பக்கம் பழைய நேரத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் அனுப்பினார். அந்த மெயில் சங்கிலியில் என் பெயர் எத்தனை முறை வந்தது என்பதைச் சொல்ல விரும்பவில்லை.

அப்புறம்தான் மீதமிருந்த பொது வாசகங்களையும் அவசர அவசரமாக ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தோம். டெபாசிட் காப்பீடு, டிடிஎஸ் (வட்டியிலிருந்து முன்கூட்டியே பிடிக்கிற வரி), நெஃப்ட் நேரம், நாமினி விதி எல்லாம் ஒவ்வொன்றும் ஒரு பத்தி. லீகல், அதாவது சட்டப் பிரிவு, ஒருமுறை பார்த்து ஒப்புதல் தரும். பக்கங்கள் அதை வெறுமனே காட்டும்.

முதல் சோதனை உடனே வந்துவிட்டது. பிப்ரவரி 1 பட்ஜெட்டில் டெபாசிட் காப்பீட்டு வரம்பை 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். 4ஆம் தேதி முதல் அமல். 1993 மே மாதத்திலிருந்து அசையாமல் இருந்த தொகை அது. மூலத்தில் ஓர் இடத்தில் மாற்றினோம், நான்கு மொழிக்கும் ஒப்புதல் வந்தது, பப்ளிஷ். பக்கம் பக்கமாகத் திறந்து ரீஃப்ரெஷ் செய்து பார்த்தேன். எல்லா இடத்திலும் 5 லட்சம். நெஃப்ட் மெயிலில் என்னைக் காய்ச்சிய அதே மேலாளர் ‘குட் ஜாப்’ என்று ஒரு வரி அனுப்பினார்.

அந்த மிதப்பு இறங்குவதற்குள் அக்கா வந்தார். மூத்த குடிமக்களுக்கான எஃப்டி (நிரந்தர வைப்பு) பக்கம். எங்கள் பொதுப் பத்தி சொன்னது இவ்வளவுதான்: ‘எங்கள் வங்கியில் உள்ள வைப்புத்தொகைகளுக்கு டிஐசிஜிசி மூலம் ரூ. 5 லட்சம் வரை காப்பீடு உண்டு.’ டிஐசிஜிசி என்பது வங்கி டெபாசிட்டுகளுக்குக் காப்பீடு தருகிற ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம். அக்கா ஒரு தாளில் வேறு மாதிரி எழுதி வந்திருந்தார்: ‘உங்கள் பெயரில் எங்கள் வங்கியின் எந்தக் கிளையில் எத்தனை டெபாசிட் இருந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டித்தான் பார்ப்பார்கள். அசலும் வட்டியும் சேர்த்து ரூ. 5 லட்சம் வரைதான் காப்பீடு. மூன்று கிளையில் மூன்று டெபாசிட் போட்டால் மூன்று காப்பீடு ஆகாது.’

அந்த ஜனவரியில்தான் பெங்களூருவில் ஒரு கூட்டுறவு வங்கியில் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டிருந்தது. ரிட்டயர்மெண்ட் பணத்தையெல்லாம் அங்கே போட்டிருந்தவர்கள் கதை தினமும் செய்தியில் வந்தது. அக்கா யாரை நினைத்து எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

“இந்த ஒரு பக்கத்துல மட்டும் உங்க பத்தியைக் கழட்டி விட்டுடுங்க தம்பி. நான் இதைப் போட்டுக்கறேன்.”

“இதையே மூலத்துல மாத்தச் சொல்லி லீகலுக்கு டிக்கெட் போடலாமே அக்கா. எல்லாப் பக்கத்துலயும் வந்துடும்.”

“எல்லாப் பக்கத்துலயும் எதுக்கு? ஸ்டூடண்ட் அக்கவுண்ட் பக்கத்துல போய் மூணு கிளை, மூணு டெபாசிட்னு யாராவது எழுதுவாங்களா?”

“ஒரு பக்கத்துக்குக் கழட்டினா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க அக்கா.”

“வரட்டுமே. அந்தப் பக்கத்தைப் படிக்கிறவரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவரும் ஒரே ஆளா?”

“படிக்கிற ஆள் வேற. சட்டம் ஒண்ணுதானே.”

“சரி தம்பி” என்று சொல்லிவிட்டு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபமெல்லாம் இல்லை.

சட்டம் ஒண்ணுதானே. அந்த நேரத்தில் நல்ல பதிலாகத்தான் தோன்றியது. இன்றைக்கும் அதில் ஓட்டை கண்டுபிடிப்பது சுலபமில்லை. இன்னொன்றும் உண்டு: அக்காவின் பத்தி முழுக்கச் சரியும் இல்லை. ஒருவர் தனியாக வைத்திருக்கும் டெபாசிட்டும், மனைவியோடு சேர்ந்து வைத்திருக்கும் ஜாயிண்ட் டெபாசிட்டும் காப்பீட்டுக்குத் தனித்தனியாகத்தான் கணக்கிடப்படும். ஒரே உரிமையில், ஒரே தகுதியில் இருப்பவற்றை மட்டும்தான் கூட்டுவார்கள். ‘எத்தனை டெபாசிட் இருந்தாலும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் லீகல் விடாது. இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும், ஒருவேளை இருவரும் உட்கார்ந்து திருத்தியிருப்போம். ஆனால் அன்றைக்கு நான் அந்தப் பத்தியின் குறையை வைத்து மறுக்கவில்லை. முழுக்கச் சரியாக எழுதி வந்திருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். நிமிண்டுவது அதுதான்.

புரோகிராமர்களுக்கு மனப்பாடமான ஒரு கொள்கை இருக்கிறது: ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதாதே. 1999இல் ஆண்டி ஹன்ட்டும் டேவ் தாமஸும் தங்கள் புத்தகத்தில் வகுத்தது. நானும் அதை வைத்துத்தான் வாதாடிக்கொண்டிருந்தேன். பிற்பாடு அதை நிதானமாகப் படித்தபோதுதான் கவனித்தேன், அவர்கள் பேசுவது அறிவைப் பற்றி. ஒவ்வொரு அறிவுக்கும் ஒரே ஓர் அதிகாரபூர்வமான இடம் இருக்க வேண்டும் என்கிறார்கள். வாசகத்தைப் பற்றி அல்ல. 5 லட்சம் என்பது அறிவு. அதை அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு எப்படிச் சொல்வது என்பது அந்தப் பக்கத்தின் வேலை. இப்படிப் பார்த்தால் அக்கா கேட்டது நகல் அல்ல.

அப்படியானால் தொகையை மட்டும் பொதுவில் வைத்துவிட்டு, வாக்கியத்தை அவரவர் எழுதட்டும் என்று விடலாமே? செய்து பார்த்தோம், வட்டி விகிதத்துக்கு. ஆங்கிலத்தில் ஓடியது. தமிழில்தான் சிக்கல். காப்பீட்டுக்கும் அப்படிச் செய்தால், ‘5 லட்சம்’ என்று வந்து நிற்கிற துண்டுக்குப் பின்னால் ‘வரை’ என்று எழுதலாம். ‘5 லட்சத்துக்கு மேல்’ என்று எழுதவே முடியாது, துண்டு ‘லட்சம்’ என்றேதான் வரும். தமிழ், கன்னடம் எழுதுகிறவர்கள் வேற்றுமை உருபு வராத வாக்கியமாகத் தேடித் தேடி எழுத வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், லீகல் ஒப்புதல் தருவது தொகைக்கு இல்லை, வாக்கியத்துக்கு. நாலு எடிட்டர் நாலு விதமாக எழுதினால் நாலையும் யார் படிப்பது?

இங்கே வந்தால் என் பக்கம் மறுபடி வலுக்கிறது. அப்புறம் இன்னொன்று ஞாபகம் வந்து அதுவும் சரிகிறது. பொதுப் பத்திகள் இழுத்துப் போடத் தயாராக இருந்ததால், யோசிக்காமல் இழுத்துப் போடவும் ஆரம்பித்தார்கள். டிடிஎஸ் பத்தியில் ‘60 வயதைக் கடந்தவர்கள் 15எச் படிவம் கொடுக்கலாம்’ என்று இருந்தது. நல்ல வாசகம், ஒப்புதல் பெற்றது, நான்கு மொழியிலும் உண்டு. யாரோ அதை என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) டெபாசிட் பக்கத்திலும் போட்டுவிட்டார்கள். வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கிற 15ஜி, 15எச் படிவங்கள் அப்போது இந்தியாவில் குடியிருந்தவர்களுக்குத்தான். என்ஆர்ஐக்கு அந்த வழியே கிடையாது. பத்தியில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை, இருக்கிற இடம்தான் தப்பு. எங்கள் சோதனைகள் எதிலும் அது மாட்டவில்லை, ஒப்புதல் பெற்ற பத்தி என்று பச்சை டிக் காட்டியது. கண்டுபிடித்தது அக்கா. டிக்கெட் போட்டார், கீழே ஒரு வரி விளக்கம்கூட எழுதவில்லை. எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எஃப்டி பக்கத்துக்கு அவர் தனக்குத் தெரிந்த வழியில் ஒன்று செய்தார். பொதுப் பத்திக்கு மேலே பக்கத்துக்கே உரிய பகுதி ஒன்று உண்டு. அதில் எழுத யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ‘கீழே சொல்லப்பட்டுள்ள 5 லட்சம் என்பது’ என்று ஆரம்பித்துத் தன் விளக்கத்தை அங்கே எழுதிவிட்டார். ஜாயிண்ட் கணக்கு பற்றியும் ஒரு வரி சேர்த்திருந்தார், யாரிடம் கேட்டாரோ. நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. விதியையும் மீறவில்லை, சொல்ல வேண்டியதும் சொல்லியாகிவிட்டது. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

2021 செப்டம்பர் 1 முதல் டிஐசிஜிசி சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. ஒரு வங்கியில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு விதித்தால், காப்பீட்டுத் தொகை 90 நாளுக்குள் வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். லீகல் பொதுப் பத்தியை முழுக்கத் திருத்தி எழுதியது. 90 நாள் உள்ளே வந்தது. தொகையை எடுத்துவிட்டு, ‘நடப்பு வரம்புக்கு டிஐசிஜிசி தளத்தைப் பார்க்கவும்’ என்று போட்டார்கள். மூலத்தில் ஒரு மாற்றம், எல்லாப் பக்கமும் புதிதானது. எஃப்டி பக்கத்தில் மட்டும் ‘கீழே சொல்லப்பட்டுள்ள 5 லட்சம்’ என்று ஒரு பத்தி நிற்க, கீழே 5 லட்சமே இல்லை.

பத்தி எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று பட்டியல் எடுக்கலாம். அந்த வசதி பல கருவிகளில் இருக்கிறது. விக்கிபீடியாவில்கூட ஒரு வார்ப்புருவை, அதாவது பல பக்கங்களில் வருகிற பொதுத் துண்டை, திருத்துவதற்கு முன்னால் எந்தப் பக்கங்கள் அதைப் பயன்படுத்துகின்றன என்று பார்க்க முடியும். ஆனால் அந்தப் பக்கங்களில் எந்த வாக்கியம் அந்தப் பத்தியின் எந்த வார்த்தையில் சாய்ந்து நிற்கிறது என்பதை எந்தப் பட்டியலும் காட்டாது. அதை எழுதினவருக்கு மட்டும்தான் தெரியும். அதற்குள் அக்கா வேறு கம்பெனிக்குப் போயிருந்தார், நாங்கள் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தோம்.

அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், திருப்தி. பார்த்தீர்களா, இதற்குத்தான் சொன்னேன் என்று. பக்கத்தில் தனியாக எழுதினால் இப்படித்தான் அநாதையாகும். பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது கணக்கு தலைகீழானது. அன்று கழற்றிக் கொடுத்திருந்தால் அவருடைய பத்தி தன் காலிலேயே நின்றிருக்கும். ‘கீழே’ என்று எதையும் சுட்ட வேண்டியிருந்திருக்காது. 90 நாள் விவரம் மட்டும் அதில் இருந்திருக்காது. எந்தக் குறை பெரியது? ஒரு நாள் ஒன்று சொல்வேன், மறுநாள் இன்னொன்று.

அலசூரில் இருக்கிற என் பெரியப்பா அந்தச் சமயத்தில் போன் செய்தார். வீடு விற்ற பணத்தை ஒரே வங்கியில் மூன்று கிளையில் பிரித்துப் போடலாமா, அப்படிப் போட்டால் முழுக்க சேஃப்தானே என்று கேட்டார். நான் பதில் சொல்ல ஆரம்பித்து இரண்டு வாக்கியம் போனதும்தான் தெரிந்தது, அக்கா எழுதினதைத்தான் கிட்டத்தட்ட அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெரியம்மாவோடு ஜாயிண்ட்டாக வைத்தால் வேறு கணக்கு என்பதையும் சொன்னேன். பொதுப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தால் ‘அதான் கேட்டேன், சேஃப்தானே?’ என்று மறுபடி கேட்டிருப்பார். ஆனால் போனில் ஒருவருக்குச் சொல்வதும், வங்கி தன் பெயரில் எழுதி வைப்பதும் ஒன்றா? நான் தப்பாகச் சொல்லியிருந்தால் பெரியப்பா என்னைத் திட்டுவார், அவ்வளவுதான்.

கருவிகள் என்னவோ அக்கா பக்கம் சாய்ந்துவிட்டன. வேர்ட்பிரஸ் என்கிற சிஎம்எஸ்ஸில், எங்கள் பொதுப் பத்தி போல, ரீயூசபிள் பிளாக் என்று இருந்ததை 2023இல் 6.3 பதிப்பில் பேட்டர்னோடு சேர்த்துப் பெயர் மாற்றினார்கள். 2024 ஜூலையில் வந்த 6.6இல், பொதுவான அமைப்பு மூலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்க, சில வாசகங்களை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் மாற்றிக்கொள்ள வழி கொடுத்துவிட்டார்கள்.

இப்போதைய புராஜெக்ட்டில் விதிகளை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது நானும் அப்படி ஒன்றை அனுமதித்தேன். ஒரு பக்கத்துக்கு மட்டும் பொதுப் பத்தியின் வாசகத்தை மாற்றலாம். ஆனால் இரண்டு கட்டத்தை நிரப்ப வேண்டும், மறுபடி சரிபார்க்க வேண்டிய தேதியும் பொறுப்பாளர் பெயரும். மூலம் மாறினால் அந்தப் பெயருக்கு மெயில் போகும். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள். எடிட்டர்கள் ஒப்பந்தத்தில் வருகிறார்கள், ஆறு மாதத்தில் போய்விடுகிறார்கள், யார் பெயரைப் போடுவது என்று அவர்களுக்கே தெரிவதில்லை. அதனால் பொறுப்பாளர் என்ற கட்டத்தில் பாதிப் பேர் என் பெயரைப் போட்டுவிடுகிறார்கள்.