டெல்லி பீரோ மூடிய பிறகு அங்கீகார அட்டை

டெல்லி ரஃபி மார்கில் இருக்கும் ஐ.என்.எஸ். (இந்தியச் செய்தித்தாள் சங்கம்) கட்டடத்தில் மாநில மொழி நாளிதழ்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாக இருக்கும். எங்கள் நாளிதழின் டெல்லி செய்திப் பிரிவான பீரோவில் முதலில் போட்டோகிராபரை வேலையிலிருந்து நீக்கினார்கள், அப்புறம் இன்னொரு நிருபரை. கடைசியில் அறையையும் காலி செய்தார்கள். “செய்தி ஏஜென்சியிலிருந்து செய்தி வருகிறது, நாடாளுமன்றத்தைக் காட்ட சன்சத் டிவி இருக்கிறது, போதாதா?” என்றது சென்னை அலுவலகம்.

வேலை போனால், மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் (பி.ஐ.பி.) நிருபர்களுக்குத் தரும் அங்கீகார அட்டையும் போய்விடும். அது இல்லாமல் சாஸ்திரி பவன் போன்ற அரசு அலுவலகக் கட்டடங்களுக்குள் நுழைய, ஒவ்வொரு முறையும் வரவேற்பறையில் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் ஃப்ரீலான்ஸ் பிரிவில் விண்ணப்பித்தேன். 2022இல் வந்த விதிகளின்படி அதற்கு 15 ஆண்டு அனுபவம் வேண்டும். அது இருந்தது. சிக்கல், விண்ணப்பத்தோடு காட்ட வேண்டிய, பெயரோடு வெளியான செய்திகளின் நறுக்குகளில்தான். தமிழ் நாளிதழில் டெல்லிச் செய்திக்கு யார் பெயர் போடுகிறார்கள்? எல்லாம் ‘நமது சிறப்பு நிருபர்’. ஞாயிறு இணைப்பில் எழுதிய கட்டுரைகளைத் தேடிப் பிடித்தேன். மற்றவற்றுக்கு, அந்த நிருபர் இவர்தான் என்று பழைய அலுவலகத்திடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கடிதம் வாங்கினேன்.

சரிபார்ப்புக்கு வந்த போலீஸ்காரர் “எந்தப் பேப்பர்?” என்றார். எந்தப் பேப்பரும் இல்லை என்று புரியவைப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

அட்டை வந்தது. ஆனால் அது எல்லாக் கதவுக்கும் சாவி இல்லை. நாடாளுமன்றப் பாஸ் தனி. நிதி அமைச்சகத்தில் 2019 முதல், அட்டை இருந்தாலும் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும்.

எனக்கு அந்த அட்டை அதிகம் உதவுவது ரயில்வே அமைச்சகம் இருக்கும் ரயில் பவனில். பட்ஜெட் முடிந்ததும் தமிழ்நாட்டுக்கு இத்தனை கோடி என்று ரயில்வே அமைச்சர் சொல்வார். தலைப்புச் செய்தி அதுதான். திட்டவாரியான கணக்கு, பிங்க் புக் எனப்படும் ரயில்வே பட்ஜெட் ஆவணத்தில் இருக்கும். அதில் புதிய பாதைகள் சிலவற்றுக்கு வெறும் 1,000 ரூபாய் போட்டிருந்த ஆண்டுகள் உண்டு. திட்டத்தைக் கைவிடவில்லை என்று காட்ட மட்டும்தான் அந்தத் தொகை. நிலம் எடுப்பதில் சிக்கலா, மாநிலப் பங்கு வரவில்லையா என்று தெரிய, அந்தப் பிரிவு அதிகாரியின் எதிரே போய் உட்கார வேண்டும். நாடு முழுவதற்கும் எழுதும் ஏஜென்சி நிருபர், திண்டிவனம்–திருவண்ணாமலை பாதைக்காக எதற்கு உட்காரப்போகிறார்?

இந்தச் செய்திகளை இப்போது சில பத்திரிகைகளுக்கு எழுதித் தருகிறேன். அட்டையைப் புதுப்பிக்க மறுபடி நறுக்கு வேண்டும் என்பதால், பணத்துக்கு முன்னால் பெயர் போடுவதைத்தான் பேசி முடிக்கிறேன்.